18 அங்குலம்

எங்கள் வீட்டுக்கு முதல் சோபா வந்ததே என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்பதற்காகத்தான். மெரூன் நிற ரெக்சின். மூன்று பேர் அமரும் நீள இருக்கை ஒன்று, ஒற்றை இருக்கைகள் இரண்டு. அப்பா தவணையில் வாங்கினார். வந்தவர்கள் அதில் உட்கார்ந்தார்கள். நான் எதிரே ஜமக்காளத்தில். அம்மா சமையலறை வாசலில் நின்றார். கிழிந்து உள்ளே இருப்பது தெரியும்வரை அந்த சோபா வீட்டில் கிடந்தது. அத்தனை வருடத்தில் அம்மா அதில் முதுகு சாய்த்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அப்பா இறந்த பிறகு அம்மா என்னுடன் சென்னைக்கு வந்துவிட்டார். முழங்கால் தேய்மானம்; தரையில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் ஹாலில் இருந்ததோ தாழ்வான திவான். என் இணையர் உள்ளே வரும்போதெல்லாம் அதிலிருந்து எழுந்து நிற்க அம்மா பட்ட பாட்டைப் பார்த்துத்தான் சோபா வாங்க முடிவெடுத்தேன். மகனுக்குப் படுத்துக்கொண்டு கேம் விளையாட எல் ஷேப் வேண்டும். இணையருக்கு ரிக்ளைனர். அம்மாவைக் கேட்டேன்.

"எனக்கெதுக்குடி சோபா? ஒரு பிளாஸ்டிக் சேர் வாங்கி அடுப்படிப் பக்கமா போட்டுடு."

ஆற்காடு சாலைக் கடைகளில் ஏறி இறங்கினோம். எல்லா இடத்திலும் விற்பனையாளர் இணையரைப் பார்த்துத்தான் "உக்காந்து பாருங்க சார்" என்றார். கார்டு இருந்தது என் கைப்பையில். (அது அவருக்கு எப்படித் தெரியும், சரி.) ஐந்தடி பத்து அங்குலக்காரருக்குச் சொகுசாக இருந்த எல் ஷேப்பில் நான் முதுகைச் சாய்த்ததும் கால்கள் அந்தரத்தில் தொங்கின. இருக்கையின் ஆழம் 24 அங்குலம், நான் ஐந்தடி. முன்னால் நகர்ந்து காலை ஊன்றினால் முதுகுக்குப் பிடிமானம் இல்லை. நாம் சோபா நுனியில் உட்காருவதற்கு அடக்கம் மட்டும் காரணமில்லை போலிருக்கிறது.

அதன் உயரமோ 15 அங்குலம். அவ்வளவு தாழ்வாக உட்கார்ந்தால், எழும்போது மொத்த பாரமும் முழங்காலில்தான் இறங்கும். அம்மாவின் முழங்கால் மடிப்பிலிருந்து தரைவரை 16 அங்குலம் என்று வீட்டிலேயே அளந்து வைத்திருந்தேன். உட்கார்ந்தால் ஃபோம் ஓரிரு அங்குலம் அமுங்கும். ஆக 18 அங்குலம், கை ஊன்ற உறுதியான மரக் கைப்பிடி. ஃபோம் 40 டென்சிட்டி; அதாவது ஒரு கன மீட்டர் 40 கிலோ எடை இருக்க வேண்டும், அப்போதுதான் சீக்கிரம் குழி விழாது. அடியில் துடைப்பம் நுழைய ஆறு அங்குல இடைவெளி. ஜிப்பைக் கழற்றித் துவைக்கிற உறை. உட்காருவதற்கு ஒரு பொருள் வாங்கப் போன இடத்திலும் கூட்டுவதையும் துவைப்பதையும்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். இணையர் கேட்ட ஒரே கேள்வி, கப் ஹோல்டர் இருக்கிறதா என்பது.

கடைசியில் வாங்கியது பழைய பாணி மர சோபா. "தாத்தா காலத்து மாடல்" என்று மகன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

மூன்று மாதமாகிறது. அம்மா அதன்மேல் பழைய பருத்திப் புடவை ஒன்றை விரித்திருக்கிறார். மதியம் சீரியல் பார்க்கும்போது அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பேன். முதுகு சாய்ந்திருக்கும், இரண்டு பாதங்களும் தரையில் படிந்திருக்கும். சாயங்காலம் இணையரின் வண்டிச் சத்தம் கேட்கும்வரை அப்படித்தான்.

"உட்காருங்க அத்தை" என்று அவரும் தினமும் சொல்கிறார்.

"இருக்கட்டும் மாப்பிள்ளை."

திவான் இருந்தபோது, அம்மா எழுவதற்குள் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிடுவார். இப்போது கைப்பிடியில் ஒரு அழுத்து அழுத்தினால் போதும். கதவு திறப்பதற்குள் அம்மா சமையலறை வாசலில் நிற்கிறார்.