ஒரு வீடு... நாலு ஜில்லா!

தாத்தா வீட்டை விற்றுவிடலாம் என்று அப்பா முடிவு செய்தார். பத்திரங்களைத் தேடி எடுத்துவரும் வேலை என் தலையில் விழுந்தது.

"நீதானேடா பி.காம். படிச்சே? போய்ப் பாரு" என்றார்.

பத்திரத்துக்கும் டபுள் என்ட்ரிக்கும் என்ன சம்பந்தம் என்று அப்பாக்களிடம் கேட்க முடியாது. கேட்டால், "அப்ப என்னாத்துக்கு மூணு வருஷம் ஃபீஸ் கட்டினேன்?" என்று ஆரம்பிப்பார். மறுநாள் காலையிலேயே பஸ் ஏறிவிட்டேன்.

எங்கள் ஊர் கனகம்மாசத்திரம். பேர் தெரியாவிட்டாலும் ஊரை நீங்கள் கடந்திருப்பீர்கள். சென்னையிலிருந்து ரோடு வழியாகத் திருப்பதி போகும்போது, திருவள்ளூர் தாண்டி, திருத்தணிக்கு முன்னால், நீங்கள் பக்கத்து சீட்டுக்காரர் தோளில் சாய்ந்து வாய் பிளந்து தூங்குவீர்களே... அந்த இடம்தான். பேரில் சத்திரம் இருப்பதால் "தங்க ரூம் கிடைக்குமா சார்?" என்று இன்னமும் யாராவது கேட்கிறார்கள். டீ கிடைக்கும். நன்றாகவே இருக்கும்.

தாத்தா ஊர் இன்னும் உள்ளே, பள்ளிப்பட்டுப் பக்கம். திருத்தணியில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். பொதட்டூர்பேட்டை நெருங்கினால் விசைத்தறிச் சத்தம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்காரும். அதற்கு மேல் தமிழும் தெலுங்கும் ஒரே சீட்டில் நெருக்கியடித்துக்கொண்டுதான் பயணம் செய்யும். கண்டக்டர் தமிழில் டிக்கெட் கேட்க, ஒரு பாட்டி தெலுங்கில் மீதிச் சில்லறை கேட்டார். பிறகு இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். அது எந்த மொழி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சாவி பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் இருந்தது. "வா நைனா, சாப்ட்டியா?" என்றார். அடுத்த கேள்வி, "மெய்யாலுமே விக்கப் போறீங்களா?" முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னேன்.

டிரங்குப் பெட்டியைத் திறந்தால் ரசகற்பூர வாசனை. மேலே 1956ல் எழுதிய பத்திரம். முழுக்கத் தெலுங்கு. பெரியம்மாதான் எழுத்துக் கூட்டிப் படித்தார்: ஆந்திரா, சித்தூர் ஜில்லா. அடுத்து 1964ல் தாத்தா பின்பக்கக் காலி மனையை வாங்கிய பத்திரம். தமிழ். மெட்ராஸ் ராஜ்யம், செங்கல்பட்டு ஜில்லா. அதற்குக் கீழே வீட்டு வரி ரசீதுகள். சிலதில் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம், 1997க்குப் பிறகு வந்ததில் திருவள்ளூர் மாவட்டம்.

வீடு ஒன்றுதான். அதே திண்ணை, அதே வேப்பமரம், மேற்கே அதே பெரியம்மா. ஆனால் காகிதத்தை மட்டும் பார்த்தால் எங்கள் தாத்தா நாலு ஜில்லாவில் சொத்து சேர்த்த பெரும் பணக்காரர்!

இந்தப் பக்கத்தில் இது அதிசயமே இல்லை. டாக்டர் ராதாகிருஷ்ணன் 1888ல் திருத்தணியில் பிறந்தபோது ஊர் வட ஆற்காடு ஜில்லா. 1911ல் சித்தூர் ஜில்லா. அவர் ஜனாதிபதியான 1962ல் செங்கல்பட்டு ஜில்லா. ஜனாதிபதியின் ஊருக்கே இந்தக் கதி என்றால் எங்கள் தாத்தா எம்மாத்திரம்?

தாத்தாவின் ஓட்டுக் கணக்கு இதைவிடத் தமாஷ்.

அவர் 1928ல் பிறந்தவர். முதல் ஓட்டு 1952 பொதுத் தேர்தலில், மெட்ராஸ் ராஜ்யத்துக்கு. அப்போதெல்லாம் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி, மேலே சின்னம் ஒட்டியிருக்கும். பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். "தப்பா குத்திட்டேன், செல்லாத ஓட்டு ஆயிடுச்சுன்ற பேச்சே கிடையாதுடா" என்பார்.

1953 அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திர ராஜ்யம் பிறந்தது. சித்தூர் ஜில்லாவோடு திருத்தணியும் அங்கே போனது. 1955ல் ஆந்திராவுக்கு நடந்த சட்டசபைத் தேர்தலில் தாத்தா ஓட்டுப் போட்டார். தலைநகர் கர்நூல். மறு வருஷம் தெலங்கானாவும் சேர்ந்து ஆந்திரப் பிரதேசம் ஆனது, தலைநகர் ஐதராபாத். 1957ல் பார்லிமென்ட் ஓட்டை அங்கிருந்து போட்டார். 1962ல் மறுபடி மெட்ராஸ் ராஜ்யத்துக்கு ஓட்டு.

பத்து வருஷத்தில் மூன்று தலைநகரங்கள் பார்த்த மனுஷன், திண்ணையை விட்டு இறங்கவே இல்லை.

திருத்தணி சும்மா திரும்பி வந்துவிடவில்லை. ம.பொ.சி.யும் அவருடைய தமிழரசுக் கழகமும், மங்கலங்கிழாரும், கே.விநாயகமும் மறியல், கூட்டம், ஜெயில் என்று அலைந்தார்கள். கேட்டது திருப்பதி முதல். படாஸ்கர் என்பவரை நடுவராக வைத்துப் பேசி, கடைசியில் கிடைத்தது திருத்தணி வரை. பதிலுக்கு நாம் சத்தியவேடு பக்கத்துக் கிராமங்களை ஆந்திராவுக்குக் கொடுத்தோம். அங்கேயும் ஏதோ ஒரு திண்ணையில் ஒரு தாத்தா 1957ல் மெட்ராஸுக்கும் 1962ல் ஆந்திராவுக்கும் ஓட்டுப் போட்டிருப்பார். எங்கள் தாத்தாவுக்கு டெபிட் என்றால் அவருக்கு கிரெடிட்!

இந்த மாற்றத்துக்கான சட்டம் 1959ல் வந்தது. அமலுக்கு வந்த தேதி 1960 ஏப்ரல் 1. மற்றவர்களுக்கு அது முட்டாள்கள் தினம். எங்களைப் போன்ற காமர்ஸ்காரர்களுக்குப் புதுக்கணக்கு. கணக்கும் கச்சிதமாகத்தான் எழுதினார்கள். மெட்ராஸ் சட்டசபையில் அதுவரை 205 உறுப்பினர்கள். ஆந்திரச் சட்டசபை உறுப்பினர் ஒருவரை இந்தப் பக்கம் மாற்றிக் கொடுத்தார்கள். ஓப்பனிங் பேலன்ஸ் 205, வரவு 1, ஆக மொத்தம் 206. நாமெல்லாம் ஒரு டிரான்ஸ்ஃபருக்காக மேனேஜர் ரூம் வாசலில் ஆறு மாதம் நிற்கிறோம். ஒரு எம்.எல்.ஏ., எலெக்‌ஷனே இல்லாமல் மாநிலம் விட்டு மாநிலம் டிரான்ஸ்ஃபர்!

எல்லைக்காக அலைந்த விநாயகம் 1967ல் திருத்தணியில் நின்று ஜெயித்தார். காங்கிரஸ் டிக்கெட்டில். தமிழ்நாடு முழுக்க காங்கிரஸ் கவிழ்ந்த வருஷம் அது. அதே தேர்தலில் ம.பொ.சி. உதயசூரியன் சின்னத்தில் தியாகராய நகரில் ஜெயித்தார். ஒன்றாகப் போராடியவர்கள் ஒரே சபையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். அரசியலில் நண்பர் யார், எதிரி யார் என்று டீக்கடையில் தொண்டை வறளக் கத்துகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

பெட்டியின் அடியில் ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு. பிரித்தால் பூத் சிலிப்புகள். தேர்தலுக்கு முன்னால் கட்சிக்காரர்கள் வீட்டுக்கு வந்து கொடுப்பார்களே, பேரும் வரிசை எண்ணும் எழுதி, அவைதான். தாத்தா எறியவே இல்லை. எல்லாவற்றிலும் "பள்ளிப்பட்டு தொகுதி" என்று இருந்தது.

திருத்தணி என்றால் முருகன் இருக்கிறார், ராதாகிருஷ்ணன் இருக்கிறார், உலகத்துக்கே தெரியும். பள்ளிப்பட்டு என்று ஒரு ஊர் இருப்பது சட்டசபையில் பேரைப் படித்தால்தான் தெரியும். தாத்தா இதில் ரொம்ப ரோஷக்காரர். ஏகாம்பர ரெட்டி 1984, 1989, 1991 என்று மூன்று முறை ஜெயித்ததையும், 1996ல் மூப்பனார் கட்சியில் ஜெயித்த இ.எஸ்.எஸ்.ராமன் 2006ல் காங்கிரஸில் ஜெயித்ததையும், நடுவில் 2001ல் பி.எம்.நரசிம்மன் இரட்டை இலையில் ஜெயித்ததையும், நாம் கிரிக்கெட் ஸ்கோர் சொல்வதைப் போலச் சொல்வார். கட்சி அவருக்கு முக்கியமில்லை. "நம்ம தொகுதி" என்பதுதான் முக்கியம்.

அந்த 2006தான் கடைசி. 2008ல் தொகுதிகளின் எல்லையைத் திருத்தினார்கள். நீதிபதி குல்தீப் சிங் கமிஷன், 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டைப் பிரித்துப் பிரித்துக் கூட்டியது. மொத்தம் 234 என்பதில் மாற்றமில்லை. ஆகவே ஒரு இடத்தில் புதிதாகத் தொகுதி வர வேண்டுமானால் இன்னொரு இடத்தில் ஒன்று போக வேண்டும். சென்னைக்கு 14 இருந்தது 16 ஆனது. எங்கள் திருவள்ளூர் மாவட்டத்திலேயே அம்பத்தூர், ஆவடி, மதுரவாயல், மாதவரம் என்று புதுத் தொகுதிகள் முளைத்தன. பள்ளிப்பட்டு காலி. திருத்தணியோடு சேர்த்துவிட்டார்கள்.

2011 ஏப்ரலில் அடுத்த சட்டசபைத் தேர்தல். எனக்கு அது முதல் ஓட்டு. கனகம்மாசத்திரத்தில் விரலில் மையோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, அதைக் காட்டத் தாத்தா ஊருக்குப் போனேன். அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். விரலில் மை இருந்தது. முகத்தில் ஈயாடவில்லை.

"இன்னாடா நைனா, சிலிப்புல திருத்தணின்னு போட்டுக்கீறான்? நம்ம பள்ளிப்பட்டு எங்கடா?"

நான் அப்போதுதான் டிகிரி முடிக்கப் போகிறவன். எல்லாம் தெரிந்த வயசு. ஜனத்தொகை, விகிதாசாரம், எல்லாருடைய ஓட்டுக்கும் சம மதிப்பு என்று கையை ஆட்டி விளக்கினேன். தாத்தா பொறுமையாகக் கேட்டார்.

"அதாவது, இங்க ஜனம் கம்மியாப்பூட்ச்சு. அங்க ஜாஸ்தியாய்ட்ச்சு. அவ்ளோதானே?"

"ஆமா தாத்தா."

"உங்க சித்தப்பன் இப்ப எங்க கீறான்?"

"ஆவடி."

"அத்தை?"

"அம்பத்தூர்."

"உனக்கு எங்க வேலை பாக்கறாங்க?"

மதுரவாயலில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். நான் பதில் சொல்லவில்லை. புதுத் தொகுதி நாலில் மூன்று எங்கள் குடும்பத்துக்கு மட்டுமே தேவைப்பட்டிருக்கிறது!

"அப்ப தொகுதியை யாரும் தூக்கினு போவலடா. நீங்கதான் பெட்டியில வச்சு எடுத்துனு போய்ட்டீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன்.

தாத்தா 2014ல் போய்விட்டார். இரண்டு வருஷம் இருந்திருந்தால், பழைய பள்ளிப்பட்டு எம்.எல்.ஏ. நரசிம்மன் 2016ல் திருத்தணியிலேயே ஜெயித்ததைப் பார்த்து, "பாத்தியா?" என்று ஒரு வாரம் பேசியிருப்பார்.

பெட்டியைக் கட்டித் தூக்கிக்கொண்டு திரும்பும்போது திருத்தணி பஸ் ஸ்டாண்டில் முக்கால் மணி நேரம் காத்திருப்பு. மேலே மலை. 365 படி. அண்ணாந்து பார்த்தபோது எங்கோ படித்த இன்னொரு மலை ஞாபகம் வந்தது.

இங்கிலாந்தில் ஓல்டு சாரம் என்று ஒரு குன்று. ஒரு காலத்தில் ஊர் இருந்தது, பிறகு ஜனமெல்லாம் பக்கத்து ஊரான சாலிஸ்பரிக்குக் குடிபோய்விட்டது. குன்றில் மிச்சம் புல்லும் ஆடும். ஆனால் பார்லிமென்டில் அந்தக் குன்றுக்கு இரண்டு எம்.பி.! ஓட்டர்களோ வெகு சிலர்தான். கட்டடம் கிடையாது என்பதால் எலெக்‌ஷனுக்குக் கூடாரம் போடுவார்கள். நம்மூரில் காதுகுத்துக்குப் போடும் பந்தலில் இதைவிடக் கூட்டம் இருக்கும். 1832ல் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்துதான் அந்தத் தொகுதியை ஒழித்தார்கள்.

அந்தக் குன்றை 1691 வாக்கில் விலைக்கு வாங்கியவர் யார் தெரியுமா? தாமஸ் பிட். இந்திய வியாபாரத்தில் பணம் பார்த்தவர். பிறகு 1698 முதல் 1709 வரை நம் சென்னைக் கோட்டையில் கவர்னர். நுங்கம்பாக்கமும் திருவொற்றியூரும் கம்பெனி வசம் வந்தது இவர் காலத்தில்தான். குன்றை வாங்கினால் எம்.பி. பதவி இலவச இணைப்பு! அவர் பேரன் வில்லியம் பிட் 1735ல் பார்லிமென்டுக்குள் நுழைந்தது அந்தக் குன்றின் பேரில்தான். பின்னாளில் அவர் பிரதம மந்திரியாகவும் ஆனார்.

ஆளே இல்லாத குன்றுக்கு இரண்டு எம்.பி. இருப்பது அநியாயம். ஒப்புக்கொள்கிறேன். ஜனம் இருக்கிற பக்கம் தொகுதி போவதுதான் நியாயம். அதையும் ஒப்புக்கொள்கிறேன். 2011ல் தாத்தாவிடம் நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. ஆனாலும் அந்த டிரங்குப் பெட்டி மடியில் கனத்தது.

போன தொகுதி திரும்பி வந்த கதையும் உண்டு. திருவள்ளூர் பார்லிமென்ட் தொகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1952ல் இரட்டை உறுப்பினர் தொகுதி. ஜெயித்தவர்களில் ஒருவர் மரகதம் சந்திரசேகர். 1967ல் தொகுதியே காணாமல் போய், ஸ்ரீபெரும்புதூர் வந்தது. 1991 மே மாதம் ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தது அதே மரகதம் சந்திரசேகருக்கு ஓட்டுக் கேட்கத்தான். பள்ளிப்பட்டை எடுத்த அதே 2008 திருத்தத்தில் திருவள்ளூரைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2009ல் மறுபடி அந்தப் பேரில் தேர்தல் நடந்தது. நாற்பது வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

போன வாரம் பத்திர எழுத்தரிடம் எல்லாக் காகிதத்தையும் கொண்டுபோய்ப் பரப்பினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தார். இந்தப் பக்கத்து எழுத்தர்களுக்கு இது தினப்படி வேலை போலிருக்கிறது, அசரவே இல்லை. சொத்து விவரத்தில் கடகடவென்று எழுதினார்: முன்பு சித்தூர் ஜில்லா, பிறகு செங்கல்பட்டு ஜில்லா, பிறகு செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம், தற்போது திருவள்ளூர் மாவட்டம், பள்ளிப்பட்டு வட்டம்...

"தொகுதி போடணுமா சார்?" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார்.

"தொகுதியெல்லாம் பத்திரத்துல வராது தம்பி. வாங்கறவங்க எப்ப வராங்க?"

"அப்பா இன்னும் யோசிக்கிறாரு" என்று சொல்லிவிட்டுப் பத்திரங்களைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தேன். அப்பா யோசிக்கவெல்லாம் இல்லை. அவரிடம் இனிமேல்தான் பேச வேண்டும்.