பெயரும் எழுத்தும்

எழுதுகின்றவர் எவரும் பெயரை முற்றாக வெறுத்தவரல்லர். தமது கட்டுரை அச்சேறியதும் அதன்கீழ்த் தம் பெயர் பிழையின்றி அமைந்துள்ளதா என முதலிற் பார்ப்பதே பெரும்பாலோர் இயல்பு. இதனைக் குறையென்று கூறுதல் பொருந்தாது. ஆயின், பெயர் வேண்டி எழுதுவதும், எழுதியதன் பயனாகப் பெயர் வந்து சேர்வதும் ஒன்றல்ல. இவ்விரண்டிற்கும் இடையிலான வேறுபாடு பற்றி, மாணவர் கட்டுரைகள் பலவற்றை வாசித்துவரும் ஒருவன் என்ற முறையில், எனக்குத் தோன்றிய சிலவற்றை இங்குக் கூற விழைகின்றேன்.

இன்று இளைஞர்க்கு வழங்கப்படும் அறிவுரைகளுள் ஒன்று, ஒவ்வொருவரும் தம்மையே ஒரு வணிகக் குறியாக ஆக்கிக்கொள்ள வேண்டும் என்பது. ஒரு துறையைத் தெரிந்தெடுத்து, அதனைப் பற்றி இடைவிடாது எழுதி, அத்துறையின் 'சிந்தனைத் தலைவர்' எனப் பெயர் பெறல் வேண்டுமாம். அவ்வெழுத்து உள்ளத்திலிருந்து வந்ததாகத் தோன்றுதலும் வேண்டுமாம். 'தோன்றுதல்' என்னும் சொல்லிலேதான் இடர்ப்பாடு உள்ளது. உண்மையாயிருத்தல் வேறு, உண்மைபோலத் தோன்றுதல் வேறு. முன்னதற்கு எழுதுபவன் தன்னை நோக்க வேண்டும். பின்னதற்கு அவன் பிறர் முகங்களையே நோக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

வணிகக் குறியைச் சுட்டும் 'பிராண்ட்' என்ற ஆங்கிலச் சொல் எரிதல், சுடுதல் என்னும் பொருளிற் பிறந்தது. மட்டக்களப்பிலும் வன்னியிலும் பட்டி மாடுகளுக்குக் குறிசுடும் வழக்கத்தை அறிந்தோர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. காய்ச்சிய இரும்பினால் மாட்டின் உடலிற் பொறிக்கப்படும் அக்குறி, அம்மாடு எவருக்கு உரியது என்பதையே சொல்லும். அது எவ்வளவு பால் தரும் என்பதையோ, ஏரிற் பூட்டினால் எவ்வாறு உழும் என்பதையோ சொல்லாது. தன்னையே குறியாக்கிக்கொள்ளும் எழுத்தாளன், தான் குறிக்கு உடையவன் என எண்ணுகின்றான். காலப்போக்கில் அவனது நிலை மாட்டின் நிலையாகிவிடுதல் கூடும். எதை எதிர்பார்த்து வாசகர் அவனிடம் வருகின்றனரோ, அதனையே அவன் மீண்டும் மீண்டும் தரவேண்டியவனாகின்றான். கருத்து மாறியபோதும் மாறியதாகச் சொல்லும் துணிவு அவனுக்கு இல்லாதுபோகின்றது.

இந்நிலையை ஜோர்ஜ் ஓர்வெல் நன்கு அறிந்திருந்தார். 1922 முதல் 1927 வரை பர்மாவிற் பொலிஸ் அதிகாரியாகப் பணியாற்றியவர் அவர். 1936 இல் அவர் வெளியிட்ட கட்டுரையொன்றில், மதங்கொண்டு ஓர் இந்தியத் தொழிலாளியைக் கொன்றுவிட்ட யானையைப் பொலிஸ் அதிகாரியொருவன் தேடிச் செல்கின்றான். அவன் காணும்போது யானை மதம் தணிந்து, அமைதியாகப் புல் மேய்ந்துகொண்டிருக்கின்றது. அதனைக் கொல்ல அவனுக்கு விருப்பமில்லை. கொல்லவேண்டிய தேவையும் அப்போது இல்லை. ஆனால், இரண்டாயிரம் பேர் அவன் பின்னே திரண்டு நிற்கின்றனர். கையிலே துப்பாக்கியுடன் வந்தவன் சுடுவான் என்பது அவர்தம் எதிர்பார்ப்பு. அவன் சுடுகின்றான். பலர் முன்னிலையில் மூடனாகத் தோன்றக் கூடாது என்பதற்காகவே சுட்டதாகக் கட்டுரை முடிவில் ஒப்புக்கொள்ளவும் செய்கின்றான். ஏகாதிபத்தியத்தைப் பற்றிய கட்டுரை அது. எனினும், கூட்டத்தை முதுகுக்குப் பின்னே உணர்ந்துகொண்டு எழுதும் எவருக்கும் அது பொருந்துமென்றே எனக்குப் படுகின்றது.

இவ்வளவு உண்மையை எழுதியவரின் பெயர் உண்மைப் பெயரன்று என்பது ஈண்டு கருதத்தக்கது. எரிக் ஆர்தர் பிளேயர் என்பதே அவரது இயற்பெயர். பாரிஸ் நகரிற் பாத்திரங் கழுவியும் இலண்டனில் நாடோடிகளுடன் அலைந்தும் கண்டவற்றை அவர் 1933 இல் நூலாக வெளியிட்டபோது, குடும்பத்தினர்க்குச் சங்கடம் விளையலாகாது எனக் கருதிப் புனைபெயரை நாடினார். இங்கிலாந்தின் கிழக்கே ஓடும் ஓர் ஆற்றின் பெயரே ஓர்வெல். ஆகவே, பெயர் பொய்யாயிருந்தும் எழுத்து மெய்யாயிருத்தல் கூடும். பெயர் மெய்யாயிருந்தும் எழுத்துப் பொய்யாயிருத்தலும் கூடும்.

இதன் உண்மையை யான் நேரில் உணர்ந்தது மாணவியொருத்தியின் கட்டுரை வாயிலாகத்தான். மலையகத்திலிருந்து வந்திருந்த அவர், சில ஆண்டுகளுக்கு முன்னர், உழைப்பும் சுரண்டலும் பற்றி நீண்ட கட்டுரையொன்றை எழுதிக்கொண்டு வந்தார். மேலைநாட்டு அறிஞர் பலரின் பெயர்கள் அதில் இடம்பெற்றிருந்தன. மொழியிற் குறையில்லை, வாதத்திலும் குறையில்லை. ஆயினும், அதனை வேறு எவரும் எழுதியிருக்கலாம். "இதில் உமக்கு மட்டுமே தெரிந்தது எந்தப் பகுதி?" என்று கேட்டேன். அவர் விடையெதுவும் கூறாது எழுந்து சென்றார்.

மூன்று வாரங்கள் கழித்து வேறொரு கட்டுரையுடன் வந்தார். அது கொழுந்து நிறுப்பது பற்றியது. அவருடைய தாயார் நாள்தோறும் பறித்த கொழுந்தின் நிறையை மனத்திற் பதித்து வந்து, மாலையில் மகளிடம் சொல்வாராம். மகள் அதனை அப்பியாசக் கொப்பியில் எழுதி வைப்பாராம். ஈரத்திற்கென்றும் சாக்கிற்கென்றும் கழிக்கப்பட்டது எவ்வளவு, மாத முடிவிற் சம்பளச் சீட்டிற் காணப்பட்டது எவ்வளவு என்பதெல்லாம் அக்கொப்பிகளில் இருந்தன. பாடசாலைப் பருவத்திலே தாய்க்குக் கணக்கெழுதிய பிள்ளை, அக்கணக்கையே கட்டுரையாக்கியிருந்தார். அறிஞர் பெயர் ஒன்றுதானும் அதில் இல்லை.

கட்டுரையைக் கையில் தந்தபின் அவர் தயங்கி நின்றார். "சேர், அம்மா இன்னும் அதே தோட்டத்திலேதான் வேலை செய்கிறார். இது என் பெயரில் வரத்தான் வேண்டுமா?" என்று கேட்டார்.

பெயர் பெறுவது எப்படி என்று கேட்போர் பலரை அறிந்திருந்த எனக்கு, பெயரை நீக்க முடியுமா என்ற அக்கேள்வி புதிதாயிருந்தது. இதழ்க் குழுவிலே இது பற்றிக் கருத்து வேறுபாடு எழுந்தது. பெயரின்றி எழுதுவோர் பொறுப்பின்றி எழுதுவர் என்றனர் சிலர். இங்கே விலை கொடுக்க நேர்வது எழுதியவர்க்கன்று, அவருடைய தாயாருக்கு என்றனர் வேறு சிலர். எண்கள் ஒவ்வொன்றையும் கொப்பிகளுடன் ஒப்புநோக்கிச் சரிபார்த்தோம். தோட்டத்தின் பெயர் நீக்கப்பட்டது. கட்டுரை புனைபெயரில் வெளிவந்தது.

அவ்விதழ் வெளிவந்து சில நாட்களில், வேறு மாவட்டத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்த மாணவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். கட்டுரையாளரைக் காண வேண்டும் என்றார். தம் வீட்டிலிருந்த பழைய சம்பளச் சீட்டுகளையும் கையோடு கொண்டுவந்திருந்தார். எழுதியவர் யாரென்பதை யான் கூறவில்லை. சீட்டுகளை உரியவரிடம் சேர்ப்பித்தேன். அக்கட்டுரையால் அம்மாணவிக்குப் பெயர் வரவில்லை. ஆனால், முன்பின் அறியாத ஒருவரை அது சிந்திக்கச் செய்தது. தம்மிடமிருந்த சான்றைத் தேடி எடுக்கவும் செய்தது. சிந்தனைக்குத் தலைமை தாங்குதல் என்று ஒன்று உண்டாயின், இதனினும் சிறந்த எடுத்துக்காட்டை யான் அறியேன்.

எல்லாரும் பெயரை மறைக்க வேண்டும் என்பது என் கருத்தன்று. பெயரை வெளிப்படையாகத் தாங்கியே உண்மை கூறியவர்களும் நம்மிடையே வாழ்ந்துள்ளனர். யாழ்ப்பாணத்திற் சிகையலங்கரிப்பு நிலையத்திலே தொழில் செய்த டொமினிக் ஜீவா, தமது தொழிலையும் பிறப்பையும் ஒருபோதும் மறைத்தவரல்லர். 1960 இல் வெளிவந்த அவரது 'தண்ணீரும் கண்ணீரும்' சிறுகதைத் தொகுதி சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. 1966 இல் 'மல்லிகை' சஞ்சிகையைத் தொடங்கி, 2012 வரை நடத்தினார். பிரதிகளைத் தாமே சுமந்து சென்று வாசகர் கையிற் சேர்ப்பித்தார். அச்சஞ்சிகையின் அட்டையிலே பிற எழுத்தாளர், கலைஞர் ஆகியோரின் உருவப்படங்களை வெளியிடுவதை வழக்கமாகக் கொண்டிருந்தார். பெயர் ஈட்டிய ஒருவர் அதனைப் பிறர் முகங்களைக் காட்டுவதற்குப் பயன்படுத்தினார் என்பதே அவரிடத்தில் என்னைப் பெரிதும் கவர்ந்த பண்பு. 2021 இல் அவர் மறைந்தபோது நாம் நினைவுகூர்ந்தது ஒரு குறியையன்று. ஏறத்தாழ அரை நூற்றாண்டாக நீடித்த உழைப்பையே.

இப்போது பிழையற்ற கட்டுரையொன்றைக் கணினியே சில விநாடிகளில் எழுதித் தருகின்றது. எனவே, வழுவற்ற நடையோ மேற்கோட் பெருக்கமோ ஒருவரது சிந்தனைக்குச் சான்றாகும் காலம் கடந்துவிட்டது. எழுதியவர் எதைக் கண்டார், எதை எண்ணிப் பார்த்தார், கேள்வி எழுந்தால் எதற்கு விடையிறுக்க ஆயத்தமாயுள்ளார் என்பனவே எஞ்சி நிற்கின்றன. அப்பியாசக் கொப்பியொன்றில் ஒரு சிறுமி எழுதிவைத்த எண்களை எந்தக் கணினியாலும் ஊகித்திருக்க முடியாது.

எழுத முற்படும் மாணவ நண்பர்கள் தம் பெயர் எங்கெங்கு பரவும் என்று எண்ணுவதை ஒத்திவைத்து, தமக்குத் தெரிந்தது எது, அதனைக் கூறுவதால் எவருக்கு என்ன நேரும் என்ற இரு வினாக்களையும் முதலில் எழுப்புவாராக. முதல் வினா எழுத்துக்கு உண்மையைத் தரும். இரண்டாவது வினா பொறுப்பைத் தரும். பெயர் அதன்பின் வரலாம், வராமலும் போகலாம்.