சாமியார் வராத ஞாயிறுகள்

ஜெர்மனியில் தேவாலய வரி என்று ஒன்று உண்டு. கத்தோலிக்கர் என்று பதிவு செய்திருப்பவர், தான் கட்டும் வருமான வரியில் 8 அல்லது 9 விழுக்காட்டைத் திருச்சபைக்கும் தனியாகக் கட்ட வேண்டும். ஆகவே பணத்துக்குப் பஞ்சமில்லை, ஆட்களுக்குத்தான் பஞ்சம். 2022ஆம் ஆண்டில் மட்டும் 5 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் அதிகமானோர் முறைப்படி எழுதிக் கொடுத்துவிட்டு விலகினார்கள். நான் வசிக்கும் எஸ்ஸன் மறைமாவட்டத்தில் 250க்கு மேல் இருந்த பங்குகள், சேர்த்துச் சேர்த்து 43 ஆகிவிட்டன. குருக்கள் போதவில்லை என்று, 2022 மார்ச்சில் ஆயர் ஓவர்பெக், குருப்பட்டம் பெறாத 18 பணியாளர்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் பொறுப்பை அளித்தார். அவர்களில் 17 பேர் பெண்கள். இங்கே அது பெரிய செய்தி.

கோடியக்கரைக்காரனான எனக்கு அதில் பாதி ஆச்சரியம்தான். வேதாரண்யம் தாண்டி, உப்பளம் தாண்டி, பஸ் திரும்பும் கடைசி ஊர் எங்களுடையது. அங்கே சாமியார் என்றால் எப்போதாவது வருகிறவர். பூசை இல்லாத ஞாயிறுகளில் செபமாலை தொடங்கியதும், பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக் கொடுத்ததும், சாவு வீட்டில் முதல் ஆளாய்ப் போய் நின்றதும் உபதேசியார்தான். சைக்கிள் ஹேண்டில்பாரில் ஒரு மஞ்சள் பை தொங்கும். உள்ளே செபப் புத்தகம், பாதி எரிந்த மெழுகுவர்த்தி, பழைய மருந்துப் பாட்டிலில் தீர்த்தம். பருவத்துக்கு வந்து கொட்டகை போட்டுத் தங்கும் வெளியூர் மீனவர்களும் நோய் நொடி என்றால் அவரைத்தான் தேடுவார்கள். அவருக்கு என்ன சம்பளம் என்று ஊரில் யாரும் கேட்டதாக நினைவில்லை.

காவிரிக் கரையில் இது பழைய ஏற்பாடு. விரல்விட்டு எண்ணக்கூடிய சேசு சபைக் குருக்கள், கண்ணுக்கெட்டாத பரப்பு. நடந்து நடந்து ஊர்களை இணைத்தவர்கள் வேதியர்கள், அதாவது அந்தக் கால உபதேசியார்கள். கொள்ளிடத்துக்கு வடக்கே ஏலாக்குறிச்சியில் பணியாற்றிய வீரமாமுனிவர், அவர்களுக்கென்றே 'வேதியர் ஒழுக்கம்' என்ற உரைநடை நூலை எழுதினார். தேம்பாவணி பாடியவர், காவியம் போதும் என்று நிறுத்திவிடவில்லை. வேதியர் எப்படி வாழ வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்று உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். அவர்களுக்குக் கிடைத்த ஊக்கங்களில் இதற்கு ஈடாக வேறொன்றை நான் சொல்ல மாட்டேன்.

பாக் நீரிணைக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான், இன்னும் கடுமையாக. டச்சுக்காரர்கள் கத்தோலிக்கக் குருக்களைத் தடை செய்திருந்தார்கள். 1687இல் கூலியாள் வேடத்தில் இலங்கைக்குள் வந்த ஜோசப் வாஸ் அடிகளுக்கு யாழ்ப்பாணத்துச் சில்லாலை மக்கள் அடைக்கலம் கொடுத்தார்கள். அவர் ஊர் ஊராக மூப்பர், அண்ணாவி என்று பொறுப்பாட்களை வைத்துவிட்டுப் போனார். 2015 ஜனவரியில் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். அண்ணாவிமாரின் பெயர்களை யார் எழுதி வைத்தார்கள்?

அந்த வரிசையில் வந்த ஒருவரை இங்கே ஜெர்மனியில் எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்துக்காரர், கிடங்கு ஒன்றில் இரவு வேலை. சனிக்கிழமை நேரே வேலையிலிருந்து மறைக்கல்வி வகுப்புக்கு வருவார். கார் டிக்கியில் கீபோர்டு, அதன் கால்கள், இரண்டு பெட்டி பாட்டுப் புத்தகம், மிதிவெடிகள் அடுக்கிய ஒரு தட்டு (பயந்துவிடாதீர்கள், முட்டை வைத்துச் சுடுகிற ரோல்ஸுக்கு ஈழத்தில் அதுதான் பெயர்). கைபேசி ஓயாது. "அண்ணை, நாளைக்குப் பூசை எத்தினை மணிக்கு?" வியாழக்கிழமையே வாட்ஸப்பில் அவர் போட்ட விவரம் அது. ஒருநாள் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன், கடவுள் ஏன் முள்ளிவாய்க்காலைத் தடுக்கவில்லை என்று ஜெர்மனில் கேட்டான். "எனக்கும் தெரியாதடா மோனை. தெரியாமல்தான் நானும் செபிக்கிறன்" என்றார். மறுவாரம் அந்தப் பையன் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தான். ஆகஸ்டில் இங்குள்ள கேவலார் திருத்தலத்து மாதாவிடம் ஆயிரக்கணக்கில் தமிழர்கள் கூடுவார்கள், இந்துக்களும்கூட. வேளாங்கண்ணிக் கொடியேற்றம் மாதிரி ஜனம். அன்றைக்கு அவர் மஞ்சள் அங்கி போட்டுக்கொண்டு கார் நிறுத்துமிடத்தில் நிற்பார்.

நாம் அவருக்கு ஆண்டுக்கு ஒருமுறை பொன்னாடை போர்த்துகிறோம். அடுத்த கூட்டத்திலேயே பாட்டுப் புத்தகம் அச்சடித்த கணக்கை ஒரு மணி நேரம் துருவுகிறோம். கணக்குக் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். கேட்டவர்களில் ஒருவர்கூட அந்த வாரம் வகுப்பில் நாற்காலி எடுத்துப் போட வரவில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல். 2021 மே மாதம் போப் பிரான்சிஸ், வேதியர் பணியைப் பொதுநிலையினருக்கான திருப்பணியாக முறைப்படி ஏற்படுத்தினார். நல்ல காரியம். ஆனால் பெட்ரோல் காசு ரோமிலிருந்து வராது.

ஊர்க் கோயிலுக்கு டைல்ஸும் ஒலிபெருக்கியும் வாங்கிக் கொடுக்கிற நம்மவர்களே, அதில் ஒரு பங்கை உபதேசியார் வீட்டுப் பிள்ளையின் படிப்புக்கு ஒதுக்குங்கள். இங்கே இருப்பவர்கள் மாதத்தில் ஒரு சனிக்கிழமை வகுப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணன் அன்றைக்காவது தூங்கட்டும்.