ஆறு மணிச் சீட்டு

போபாலுக்கு மாற்றலாகி வந்த புதிதில், 2023 நவம்பர் 17 சட்டசபைத் தேர்தலுக்கு என்னை மைக்ரோ அப்சர்வராகப் போட்டார்கள். மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நடப்பதைக் குறித்துக்கொள்கிற வேலை.

பிரிசைடிங் ஆபீசர் ஒரு அரசுப்பள்ளி டீச்சரம்மா. சாயங்காலம் ஆறு மணிக்கு, வரிசையின் கடைசி ஆளில் ஆரம்பித்துச் சீட்டுக் கொடுத்து முடித்தார். பத்து நிமிஷம் கழித்து உள்ளூர்ப் பெரியமனுஷர் ஒருவர் நாலைந்து பேரோடு வந்தார்.

"சீட்டு இல்லாம முடியாதுங்க."

"உன்னை எங்கே தூக்கியடிக்கிறேன் பார்!"

"அடிங்க. அங்கேயும் பள்ளிக்கூடம் இருக்கும்."

எனக்கு ஹிந்தி அரைகுறை. அது மட்டும் நன்றாகப் புரிந்தது. விசாரணையில்லாமல் வேலையைப் பறிக்க முடியாது என்கிற அரசியல் சட்டத்தின் 311-வது பிரிவு இதற்குத்தானே!

1997-ல் ஐந்தாவது ஊதியக்குழு, பத்து வருஷத்தில் ஆட்களை 30 சதவீதம் குறைக்கச் சொன்னது. 2000-01-ல் பொதுத்துறை வங்கிகளில் வி.ஆர்.எஸ். வாங்கிச் சுமார் ஒரு லட்சம் பேர் போனார்கள். பி.காம். படித்தவன் நான், செலவைக் குறைப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் போனவர்கள் இடத்துக்கு யார் வருகிறார்கள்?

எங்கள் கிளையில் ஒப்பந்தத்தில் ஒரு பையன். ஒருநாள் அவசரத்தில் நான் தவறான தேதி போட்டு நீட்டிய ரிஜிஸ்டரைப் பார்த்தான், தவறு தெரிந்தது, "சரி சார்" என்று எடுத்துப்போய்விட்டான். பிற்பாடு கேட்டேன்.

"மார்ச்சில் ஒப்பந்தம் புதுப்பிக்கணுமே சார்..."

அவனை என்ன சொல்வது? பயப்பட வைத்தது நாங்கள்தானே. அரசாங்கத்துக்கும் இதுதான் கணக்கு. சம்பளம் மிச்சமாகும், "முடியாது" என்று சொல்ல ஆளிருக்காது.