கடலில் வைத்த புள்ளி

பள்ளிக்கூடத்தில் உங்களுக்குப் பூகோளம் பிடித்திருந்ததா? எனக்குத் தேசப்படம் என்றாலே நடுக்கம்! ஒன்பதாம் வகுப்புப் பரீட்சையில் எழும்பூரிலிருந்து போட் மெயில் போகும் பாதையைக் குறிக்கச் சொன்னார்கள். திருச்சி, மானாமதுரை, பாம்பன் என்று கோடு ஒழுங்காகத்தான் போயிற்று. இலங்கைக்குக் கப்பல் ஏறும் தனுஷ்கோடியை மட்டும் அவசரத்தில் கடலுக்குள் வைத்துவிட்டேன்.

"ஏண்டி, ஊரையே கடலில் தள்ளிவிட்டாயே! புள்ளி வைக்கும்போது அங்கே வீடு வாசலோடு மனிதர்கள் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்" என்றார் டீச்சர். வகுப்பே கொல்லென்று சிரித்தது, நானும் சிரித்தேன்.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் கடல் பொங்கி அந்த ஊரை அழித்தது. பயணிகளோடு வந்த ரயிலும் தப்பவில்லை. பத்திரிகையும் கையுமாக அழுதேன். டீச்சர் சொன்னது அன்றுதான் புரிந்தது.

போன வாரம் என் பேத்தி தேசப்படம் வரைந்தாள். அவள் அட்லாஸில் ரயில் பாதை ராமேசுவரத்தோடு நின்றுவிடுகிறது.

"அதற்கு அப்பால் ஒன்றுமில்லையா, பாட்டி?" என்று கேட்டாள்.

அவள் கையைப் பிடித்து ஒரு புள்ளி வைத்தேன், இந்தத் தடவை கரையிலேயே. பிறகு கதையைச் சொன்னேன்.

உங்கள் வீட்டுக் குழந்தை தேசப்படத்தோடு உட்காரும்போது நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். மார்க்கு தானே வரும். மனிதர்களை நாம்தான் சொல்லித்தர வேண்டும்.