குட்டையாக்கிய கார்

தில்லி சரோஜினி நகர் சந்தையில் எக்ஸ்போர்ட் மிச்சம் என்று குவித்து வைத்திருக்கும் ஜீன்ஸை வாங்கினால், தெருவோரம் தையல் மிஷினோடு உட்கார்ந்திருப்பவர் காலைக் குறைத்துக் கொடுத்துவிடுவார். போட்டுப் பார்த்தால்தான் தெரியும், முழங்கால் சாயம் கணுக்காலுக்குப் பக்கத்தில் இறங்கியிருக்கும்.

அக்கா மகன் தன் பழைய ஸ்விஃப்டைக் கொண்டுவந்து குவார்ட்டர்ஸ் வாசலில் நிறுத்தியபோது எனக்கு அந்த ஜீன்ஸ்தான் ஞாபகம் வந்தது. ஸ்பிரிங்கை மாற்றி ஒன்றரை அங்குலம் இறக்கியிருந்தான். "வளைவுல இன்னும் சாயுது மாமா. தடியா ஒரு ஸ்டெபிலைசர் பார் போட்டா சரியாயிடும்."

ஐ.என்.ஏ.வில் மஞ்சள் லைன் பிடித்துக் காஷ்மீரி கேட் போனோம். உதிரிபாகக் கடைக்காரர்கள் மாடலையும் வருஷத்தையும்தான் கேட்டார்கள். எவ்வளவு இறக்கியிருக்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஒன்றும் வாங்காமல் கோட்லா முபாரக்பூர் சந்தில் எனக்குப் பழக்கமான உஸ்தாத்திடம் வந்து சேர்ந்தோம்.

அவர் முதலில் காரின் அடியில் படுத்தார். ஸ்டெபிலைசர் பாரைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் லிங்க் ராடைப் பிடித்து ஆட்டினார். 'கட்' என்றது.

ஸ்டெபிலைசர் பார் என்பது வளைத்த எஃகுக் கம்பிதான். இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறினால் ரப்பர் புஷ்ஷுக்குள் சும்மா திரும்பிக்கொள்ளும். ஒன்று மட்டும் ஏறினால் முறுகி எதிர்க்கும். அந்த எதிர்ப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடுகிறது. 20 மில்லிமீட்டர் கம்பியை 22 ஆக்கினால் 46 சதவீதம், 24 ஆக்கினால் இரண்டு மடங்குக்கும் மேல். கடையில் கையில் எடுத்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது!

முன்பக்கம் மட்டும் இப்படி விறைத்துப்போனால் வளைவில் மூக்கு வெளியே ஓடும். பின்பக்கம் கூட்டினால் வால் வீசும். ஸ்விஃப்டின் பின் அச்சே முறுகும் உத்தரம். பாதி ஸ்டெபிலைசர் வேலையை அதுவே பார்த்துவிடுகிறது.

சரி, இறக்கிய கார் ஏன் சாய்கிறது? மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட்டில் எடை மையம் ஓர் அங்குலம் இறங்கினால், கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது அதைவிட அதிகமாக இறங்கிவிடும். இடைவெளி கூடக்கூடச் சாய்க்கும் விசைக்கு நெம்புகோல் நீளுகிறது. உஸ்தாத்துக்கு இந்தக் கணக்கு வேண்டியதில்லை. சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கீழ்க்கை மேல்நோக்கிச் சரிந்திருப்பதைக் காட்டி, "கை தூக்கிட்டு நிக்குது பாருங்க" என்றார் இந்தியில்.

அவர் தொழில் பழகியது மாருதி 800-இல். அதில் இந்தக் கம்பியே கீழ்க்கையை முன்னும் பின்னும் நகராமல் பிடித்திருக்கும். புஷ் தேய்ந்தால் பிரேக் பிடிக்கும்போது சக்கரமே அசையும். அதனால்தானோ என்னவோ, அவர் கண் கம்பிக்கு முன்னால் புஷ்ஷைத்தான் தேடுகிறது.

பழைய கம்பியே போதும் என்றார். புது புஷ், நீளம் மாற்றக்கூடிய இரண்டு லிங்க். அவ்வளவுதான். பையனுக்கு முகம் தொங்கிப்போனது. இறக்கினதே 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் போய் முட்டக்கூடிய சமாச்சாரம் என்று நான் வேறு எடுத்துவிட்டேன். அந்த நேரத்தில் அது தேவையில்லாத பேச்சு.

லிங்க் மாட்டியதுதான் பார்க்க வேண்டிய வேலை. ஜாக்கியில் தொங்கும்போது முடுக்கவில்லை. நான்கு சக்கரத்தையும் மேடைமேல் ஏற்றி, பையனை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, ஒரு பக்க லிங்க்கை மாட்டினார். மறுபக்கம் போல்ட் துளையில் சேரவில்லை, நூலளவு தள்ளி நின்றது. நெம்பித் தள்ளியிருக்கலாம். அப்படி மாட்டினால் கம்பி நின்ற இடத்திலேயே முறுகிக்கொண்டிருக்கும். இடது வளைவுக்கு ஒரு குணம், வலது வளைவுக்கு ஒரு குணம். லிங்க்கை அரைச் சுற்று, இன்னொரு கால் சுற்று திருகினார். இரண்டு விரலால் தள்ளியதும் போல்ட் உள்ளே போனது.

ரிங் ரோடு வளைவில் கார் பிடிப்பாகத் திரும்பியது, சத்தமும் இல்லை. பையன் பாட்டை வைத்தான். குவார்ட்டர்ஸ் வாசலில் வேகத்தடை வந்தபோது அடிவயிறு 'கர்ர்' என்று உரசியது. பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.