ஹாபர் வேறு, போர்ட் வேறு

ஆங்கிலத்தில் மயங்கும் சொற்கள் இருவகைப்படும். ஒலியால் மயங்குவன ஒருவகை. 'ஸ்டேஷனரி' என ஒலிக்கும் இரு சொற்களுள் ஒன்று அசையாது நிற்பதைக் குறிக்கும், மற்றது எழுதுபொருள்களை. எழுத்து வேறுபாடு ஒன்றுதான், அகராதி தீர்த்துவைக்கும். பொருளால் மயங்குவன மற்றொரு வகை. தமிழுக்கு வரும்போது இவை ஒரே சொல்லாகிவிடுவதால், மயங்குகிறோம் என்பதே நமக்குத் தெரிவதில்லை. இதைக் கற்கத் திருகோணமலையைவிட நல்ல பாடசாலை இல்லை.

'ஹாபர்', 'போர்ட்' ஆகிய இரண்டையும் துறைமுகம் என்றே எழுதுகிறோம். காற்றுக்கும் அலைக்கும் ஒதுங்கிக் கப்பல்கள் பத்திரமாக நிற்கும் நீர்ப்பரப்பு ஹாபர். இறங்குதுறை, பாரந்தூக்கி, களஞ்சியம், சுங்கம் என்று சரக்கை ஏற்றி இறக்கும் ஏற்பாடு முழுவதும் போர்ட்.

கொழும்பில் இயற்கை தந்த பாதுகாப்புப் போதவில்லை. 1875இல் தொடங்கி 1885இல் முடித்த தென்மேற்கு அலைதடுப்புச் சுவரே அங்கு ஹாபரை உண்டாக்கியது. இருந்தும் நாட்டின் முதன்மைப் போர்ட் அதுதான். திருகோணமலை இதற்கு மறுதலை. நிலம் சூழ்ந்த ஆழமான அந்த நீருக்காகவே பிரித்தானியக் கடற்படை 1957 வரை அங்கே தளம் வைத்திருந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியதும் அத்தளத்தின் மீதுதான். ஆனால் போர்ட் என்ற வகையில் மாவாலை, சீமெந்தாலை, எண்ணெய் இறங்குதுறை என்று அதன் அளவு சிறியதே. உலகின் சிறந்த துறைமுகங்களுள் ஒன்று எனப் படிக்கும் ஊர் இளைஞர், அப்படியானால் எங்களுக்கு ஏன் வேலை இல்லை என்று கேட்பது நியாயமே. புகழ் ஹாபருக்கு உரியது. வேலை தருவது போர்ட்.

அதே மாவட்டத்தில் கந்தளாயில் 'டாங்க்' என்றால் குளம். சீனக்குடாவில் எண்ணெய்க் குதம். இதில் எவரும் ஏமாறுவதில்லை. ஏமாறுவது ஒப்பந்தச் சொற்களில்.

'லீஸ்' குத்தகை, 'சேல்' விற்பனை, 'ஜொயின்ட் வென்ச்சர்' கூட்டு முயற்சி. 2022 ஜனவரியில் 99 குதங்கள் பற்றிய உடன்பாடு கைச்சாத்தானபோது, எல்லாமே இந்தியாவுக்கு விற்கப்பட்டதாகப் பேச்சு எழுந்தது. உண்மையில் 14 குதங்கள் லங்கா ஐஓசிக்குக் குத்தகை. 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு. எஞ்சிய 61 கூட்டு நிறுவனத்துக்கு. அந்நிறுவனத்தில் கூட்டுத்தாபனத்தின் பங்கு 51 வீதம், ஐஓசியின் பங்கு 49 வீதம். இந்த ஏற்பாட்டை எதிர்ப்பவருக்கும் ஆதரிப்பவருக்கும் இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். விற்ற பொருளைத் திருப்பிக் கேட்க முடியாது. குத்தகைக்குத் தவணை உண்டு. கூட்டில் கணக்குக் கேட்கலாம்.

2025 ஏப்ரலில் திருகோணமலையை எரிசக்தி மையமாக்க இலங்கை, இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய மூன்றும் கைச்சாத்திட்டது ஒரு 'மெமொராண்டம்'. 'அக்ரிமென்ட்' கட்டுப்படுத்துவது; மெமொராண்டம் பெரும்பாலும் எண்ணத்தைப் பதிவு செய்வது. நாமோ அதைப் புரிந்துணர்வு ஒப்பந்தம் என்கிறோம். தலைப்பில் இடம் போதாதபோது முதற்சொல் உதிர்ந்து 'ஒப்பந்தம்' மட்டும் மிஞ்சுகிறது.

செய்தி படிக்கும்போது மூலத்தில் இருந்த ஆங்கிலச் சொல் எது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஊரின் நிலமும் நீரும் பேசப்படும் இடத்தில் அந்தக் கேள்வி மிகையன்று.